ஒரே வாரம், முடிஞ்சிடும்

"ஒரே வாரம் மேடம், முடிஞ்சிடும்." இதை முதல்முறை கேட்டபோது நான் நிஜமாகவே காலண்டரில் ஏழு நாள் எண்ணி எட்டாவது நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். என் கணவர் அதைப் பார்த்து அப்போதே சிரித்தார். அந்த வட்டத்துக்கும் வாங்கிய வீட்டின் சாவி கைக்கு வந்த நாளுக்கும் இடையில் 11 மாதம். காலண்டரே மாறிவிட்டது.

வீடு தேடிய கதை வேண்டாம், அது எல்லோருக்கும் ஒன்றுதான். படத்தில் மைதானம் மாதிரி தெரிகிற அறைக்குள் போனால் கட்டிலைப் போட்ட பிறகு கதவு திறக்காது. "நடக்கிற தூரம்தான்" என்பார்கள், யார் நடக்கிற தூரம் என்று சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் வேலை பார்த்தால் போதும்" என்பதில் வருகிற அந்தக் கொஞ்சம் தரையில் ஆரம்பித்துக் கூரை வரைக்கும் போகும். எத்தனையோ சனி ஞாயிறுகள் அதில் போயின. ஆனாலும் அது ஒரு வகையில் சந்தோஷமான அலைச்சல், அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது! நான் சொல்ல வந்தது, வீடு பிடித்துப்போய், விலையும் பேசி முடித்து, இதுதான் நம் வீடு என்று மனதுக்குள் சோபா போட்டுப் பார்த்த பிறகு ஆரம்பிக்கிற காலத்தைப் பற்றி.

இதற்கு முன்பே ஒரு வீடு கைவரைக்கும் வந்து நழுவியிருந்தது. விலைக்குச் சம்மதம் சொன்ன உரிமையாளர் பத்து நாள் கழித்து, வேறொருவர் கூடுதலாகத் தருகிறார், நீங்களும் ஏற்றுகிறீர்களா என்று கேட்டார். ஏற்ற முடியவில்லை. வாய்ச்சொல்லுக்கு எந்தப் பிடிமானமும் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இங்கிலாந்தில் இப்படிச் செய்வதற்கு 'கஸம்பிங்' என்று தனியாக ஒரு பெயரே இருக்கிறது. அங்கே இரண்டு தரப்பும் ஒப்பந்தத்தைக் கைமாற்றிக்கொள்ளும் வரை யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதற்குள் வாங்குகிறவர் வழக்கறிஞருக்கும் கட்டடத்தைச் சோதித்தவருக்கும் கொடுத்த காசு போனது போனதுதான். பெயர் வைக்கிற அளவுக்கு நடக்கிறதென்றால் ஏமாந்தது நாம் மட்டும் இல்லை என்று ஓர் அற்ப ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

அந்தச் சூட்டில் செய்த தப்புதான் அடுத்தது. இரண்டாவது வீடு பிடித்ததும், இதுவும் போய்விடுமோ என்ற பயத்தில், வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்ப்பதற்கு முன்பே முன்பணத்தைக் கொடுத்து ஒப்பந்தம் போட்டுவிட்டோம். 3 மாதத்துக்குள் பதிவு என்று அதில் எழுதியிருந்தது. நாங்கள் தாமதித்தால் முன்பணம் போய்விடும் என்றும் எழுதியிருந்தது. அவர்கள் தாமதித்தால் என்ன ஆகும் என்று ஒரு வரியும் இல்லை. நான் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், அதுதான் வேடிக்கை. எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிகிறது, எழுதாமல் விட்டதைப் படிக்கத் தெரியவில்லை.

விற்றவர் ஒரு பெரியவர். நல்ல மனிதர், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருவதையெல்லாம் படித்தால் வேறு மாதிரி தோன்றும். வீடு அவருடைய அப்பா வாங்கியது. அப்பாவுக்குப் பிறகு மூன்று வாரிசுகள்: இவர், ஒரு அக்கா, வெளிநாட்டில் இருக்கிற தம்பி. மூவருக்குள்ளும் சண்டை எதுவும் இல்லை. சண்டை இல்லாத குடும்பம் என்றால் வேலை சீக்கிரம் முடியும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

பத்திரங்களின் நகல்களை வழக்கறிஞரிடம் கொடுத்தோம். அவருக்கு என் அம்மா வயது, பேச்சில் அவசரமே கிடையாது. நாலு நாள் கழித்து இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியல் கொடுத்தார், 17 கேள்விகள். நான் அதைப் பார்த்த பார்வையில், "ஏம்மா, பதிவு பண்ணியிருக்குன்னா போதும்னு நினைச்சியா?" என்றார். ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன். பதிவு என்றால் இந்த வீடு இன்னாருக்குத்தான் சொந்தம் என்று அரசாங்கமே பொறுப்பேற்பது என்று. நிறைய இடங்களில் அப்படி இல்லையாம். இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு இப்படி ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தார் என்பதற்கு மட்டும்தான் பதிவு சாட்சி. எழுதிக்கொடுத்தவருக்கு அதைக் கொடுக்கிற உரிமை இருந்ததா என்பதை வாங்குகிறவர்தான் தோண்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு விற்றவர் யார், அவருக்கு விற்றவர் யார் என்று பின்னாலேயே போக வேண்டும், சங்கிலியில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் தலைவலி நமக்கு.

இந்தத் தலைவலி வேண்டாம் என்று 1858-லேயே ஒருவர் யோசித்திருக்கிறார். தெற்கு ஆஸ்திரேலியாவில் சுங்கத்துறையில் இருந்த ராபர்ட் டாரன்ஸ். பழைய பத்திரங்களின் சங்கிலியைத் தோண்டிக்கொண்டிருக்காமல் ஒரே பதிவேடு, அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அதற்கு அரசே பொறுப்பு என்று ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். பிறகு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. இதையெல்லாம் நான் ஏன் படித்தேன் என்றால், ராத்திரி தூக்கம் வராமல் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன், வேறென்ன. படித்து முடித்ததும் எரிச்சல்தான் அதிகமானது.

சரி, அந்த 17-க்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொன்னால் நீங்கள் ஓடிவிடுவீர்கள். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

பெரியவரின் அப்பா பெயர் வீடு வாங்கிய பத்திரத்தில் ஒரு இனிஷியலோடு இருந்தது. இறப்புச் சான்றிதழில் இரண்டு இனிஷியல். ஆள் ஒருவர்தான் என்று மூன்று பிள்ளைகளுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. இறந்து இருபது வருடத்துக்கு மேலான ஒரு மனிதர், நான்தான் நான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம், அதோடு சேர்க்க அவருடைய பழைய அடையாள ஆவணம் ஏதாவது. பரண் முழுக்கத் தேடி ஒரு வேலை நியமனக் கடிதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஐந்து வாரம்.

தம்பி வர முடியாததால், அவருக்காகக் கையெழுத்துப் போட அண்ணனுக்கு பவர் கொடுத்துவிடலாம் என்றார்கள். அங்கே தூதரகத்தில் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். அவருக்கு நேரம் கிடைத்தது மூன்று வாரம் கழித்து. போட்டு அனுப்பினார். கூரியர் வந்தது, எல்லோரும் கூடிப் பிரித்தோம், நாலாவது பக்கத்தில் கையெழுத்து இல்லை. அந்த மனிதர் போனில், "ஐயோ, ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சு போலிருக்கே" என்றார். அவர் குரலைக் கேட்டால் திட்டவும் மனம் வரவில்லை. மறுபடி நேரம் வாங்கி, மறுபடி போய், மறுபடி அனுப்பி... சரி விடுங்கள்.

ஆனால் எங்களை உண்மையாகவே உட்கார வைத்தது மூன்றாவதுதான். பெரியவர் எப்போதோ அந்த வீட்டின் பேரில் ஒரு கடன் வாங்கியிருந்தார். 9 வருடத்துக்கு முன்பே கட்டி முடித்துவிட்டார். முடித்த ரசீதுகூடப் பத்திரமாக பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். "கட்டி முடிச்சாச்சும்மா, அப்புறம் என்ன?" அப்புறம் என்னவென்றால், கடன் கொடுத்தவர்கள் அடமானத்தை ரத்து செய்ததாகப் பதிவு அலுவலகத்தில் யாரும் எழுதவே இல்லை. கடன் தீர்வது வேறு, அடமானப் பதிவு நீங்குவது வேறு. முதலாவது பணம் கட்டினால் தானாக நடக்கும், இரண்டாவதை யாராவது போய்ச் செய்தால்தான் நடக்கும். அதனால் ஏட்டின்படி அந்த வீடு இன்னும் அடமானத்தில்தான் இருந்தது. இதை நீக்காமல் எந்த வங்கியும் எனக்குக் கடன் தராது.

இதைக் கேட்டதும் நான் சும்மா ஒரு கடிதம்தானே என்று நினைத்தேன். அந்த வங்கிக் கிளையைத் தேடிப் போனால் அந்த இடத்தில் செருப்புக் கடை இருக்கிறது. வங்கி வேறொரு வங்கியோடு இணைந்து, கிளை இன்னொரு கிளையோடு சேர்ந்து, கணக்கு எண்ணெல்லாம் மாறிப்போயிருந்தது. புதிய கிளையில் இருந்த பெண் மிகவும் பொறுமையாகப் பழைய எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு கடனே இல்லையே சார்" என்றார் பெரியவரிடம். இருந்ததே இல்லாத கடனை முடித்ததாக எப்படிக் கடிதம் கொடுப்பது? அங்கேதான் நான் வாழ்க்கையில் முதல்முறையாக, இல்லை, இவர் கடன் வாங்கினார் என்று இன்னொருவருக்காக வாதாடினேன். கோப்பு ஏதோ ஒரு கிடங்கில் இருக்கிறது, எடுக்கச் சொல்லியிருக்கிறோம், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். பெரியவர் வாசலில் இறங்கும்போது, "நான் கட்டுனது தப்பாம்மா?" என்று கேட்டார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அந்த ஒரு வாரம் 7 வாரம் ஓடியது.

இதற்கிடையில் என் வங்கியில் வேறொரு நாடகம். கடன் என் பேரில். ஆனால் தரகர் கடைசி வரைக்கும், "சாரைப் பேசச் சொல்லுங்க மேடம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சார் போனை வாங்கி, "இருங்க, மேடத்தைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். இது ஒரு பத்துத் தடவையாவது நடந்திருக்கும்.

நான் கவனித்தது என்னவென்றால், இந்த விஷயத்தில் எல்லாக் காகிதத்துக்கும் ஒரு காலாவதி இருக்கிறது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள். கொடுத்தாயிற்று. அவர்களுடைய தாமதத்தில் இரண்டு மாதம் போகும், இப்போது இது கடைசி மூன்று மாதம் இல்லையே, புதிதாகக் கொடுங்கள் என்பார்கள். வில்லங்கம் பார்த்த சான்று பழசாகிவிட்டது என்பார்கள். ஒப்புதல் கடிதம் கைக்கு வந்தது, அதற்கு ஆயுள் 3 மாதம். கிடங்கிலிருந்து கோப்பு வருவதற்குள் அது செத்துப்போனது. மறுபடி விண்ணப்பம். மறுபடி போட்டால் வட்டி இன்றைய கணக்கு. என்னோடு பேசிக்கொண்டிருந்த அதிகாரி அந்த வாரம் பார்த்து மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, "அப்பா பேர்ல இனிஷியல் வேறயா இருக்கே" என்றார். நான் போனை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதிப்பீட்டாளர் வந்த கதையும் உண்டு. காலையிலிருந்து காத்திருந்து, சாயங்காலம் வந்தார். பதினைந்து நிமிடம். சுவரைத் தட்டினார், கூரையில் ஈரம் தெரிந்த இடத்தைப் படம் எடுத்தார், போனார். நாங்கள் பேசிய விலையைவிட 10 சதவீதம் குறைவாக மதிப்புப் போட்டிருந்தார். பத்துத்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: விலை 100 என்று வைத்துக்கொள்வோம், வங்கி 80 சதவீதம் தரும், கையிலிருந்து 20 போட வேண்டும் என்று நாம் சேர்த்து வைத்திருப்போம். மதிப்பு 90 ஆகிவிட்டால் வங்கி அந்த 90-க்குத்தான் 80 சதவீதம் தரும், அதாவது 72. விற்பவர் 100-ல் இருந்து இறங்கப் போவதில்லை. இப்போது நம் கையிலிருந்து 28. இருபது எங்கே, இருபத்தெட்டு எங்கே! பத்து சதவீதம் குறைந்த மதிப்பு, நாம் புரட்ட வேண்டிய பணத்தை 40 சதவீதம் ஏற்றிவிட்டது. நகையும், அண்ணன் கொடுத்ததும், என் கணவரின் சேமநிதியும் சேர்ந்து அந்த எட்டை அடைத்தன. இதை யாரும் முன்கூட்டியே சொல்லித் தரவில்லை. தரகர் கணக்குப் போட்டுக் காட்டியதெல்லாம் மாதத் தவணை மட்டும்தான்.

தவணை என்றதும் இன்னொன்று. தூக்கம் வராத ராத்திரிகளில் டாரன்ஸைப் படித்ததோடு நிற்கவில்லை, தவணைக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் 240 தவணை. முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போகிறது. வாங்கிய அசலில் பாதி கழிவதற்கு 10 வருடம் ஆகும் என்றுதானே நினைப்போம்? 14 வருடம் ஆகிறது. கடைசியில் கூட்டினால் வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கட்டியிருப்போம். இதைக் காலையில் என் கணவரிடம் சொன்னேன். "ராத்திரி தூங்கு" என்றார்.

இத்தனை தாமதத்துக்கும் யார் காரணம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். கோபப்பட ஓர் ஆள் கிடைத்தால் நிம்மதியாக இருக்கும். ஆனால் யாரைக் கேட்டாலும் அவரவர் கணக்கில் அவரவர் சரியாகத்தான் இருந்தார்கள். வழக்கறிஞர் நாலு நாளில் பார்த்துக் கொடுத்தார். வங்கிக்காரர் காகிதம் வந்த இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார், தேதியும் காட்டினார். தம்பி தூதரகம் கொடுத்த முதல் நேரத்திலேயே போனார். ஆனால் வழக்கறிஞர் முடிக்காமல் வங்கி தொடாது, பழைய அடமானம் நீங்காமல் வழக்கறிஞர் முடிக்க மாட்டார், கோப்பு வராமல் அடமானம் நீங்காது. ஒவ்வொருவர் மேசையிலும் நம் காகிதம் இருந்தது இரண்டு மூன்று நாள்தான், மீதி நாளெல்லாம் ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவில் எங்கேயோ கிடந்தது. அந்த நடுவில் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. அங்கே போன் போட்டு நச்சரிக்கிற ஒரே ஆள் வாங்குகிறவர். வட்டியும் வாடகையும் ஓடுவது அவருக்கு மட்டும்தானே. முதல் நாலு மாதம் நான் மரியாதையாகக் காத்திருந்தேன், எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று. அது சுத்த முட்டாள்தனம். ஐந்தாம் மாதத்திலிருந்து ஒரு நோட்டுப் போட்டு, யாரிடம் என்ன இருக்கிறது, அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று எழுதிவைத்து, செவ்வாயும் வெள்ளியும் எல்லோருக்கும் போன் போட்டேன். சில இடங்களில் என் குரலைக் கேட்டதுமே பெருமூச்சு கேட்கும். கேட்கட்டும்.

வாடகை வீட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். 3 மாதம் என்ற ஒப்பந்தத்தை நம்பி அவர்களிடம் காலி செய்வதாகச் சொல்லி, பாதிச் சாமானைக் கட்டியும் வைத்துவிட்டோம். பிறகு மாதா மாதம் போய் இன்னும் ஒரு மாதம் என்று கேட்கிற வேலை. நான்காவது முறை அந்த அம்மா, "நீங்க வீடு வாங்கறதுக்குள்ள எங்க பேத்தி கல்யாணமே வந்துடும்" என்றார். பேத்திக்கு அப்போது ஆறு வயது. கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் எட்டு மாதம் வாழ்ந்தோம். மகளின் மதிப்பெண் அட்டை எந்தப் பெட்டியில் என்று தெரியாமல் ஒன்பது பெட்டியைப் பிரித்தோம். நானும் அவரும் சண்டை போட்டதெல்லாம் பணத்துக்காக இல்லை, அடுத்த போனை யார் போடுவது என்பதற்காக.

என்னிடம் யாராவது கேட்டால் இரண்டு விஷயம்தான் சொல்வேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, இந்த வீட்டின் மேல் எப்போதாவது கடன் வாங்கினீர்களா, தீர்ந்த பிறகு பதிவில் நீக்கினீர்களா என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். சங்கடப்படாதீர்கள், நல்ல மனிதர்கள்தான் இதை மறந்திருப்பார்கள். அப்புறம் ஒப்பந்தத்தில் அவர்கள் பக்கத் தாமதத்துக்கும் ஒரு வரி எழுத வையுங்கள்.

பதிவு நாள் வந்தது. காலை பத்து மணிக்கு என்றார்கள், சர்வர் வேலை செய்யவில்லை, மூன்றரை ஆனது. பெரியவரின் அக்காவுக்கு விரல் ரேகை விழவில்லை, ஈரத்துணியில் துடைத்துத் துடைத்து ஏழாவது முறைதான் விழுந்தது. அதுவரை அந்த அறையில் யாரும் மூச்சு விடவில்லை. கையெழுத்துப் போட்டதும் பெரியவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, பின்கதவுச் சாவி கொஞ்சம் இழுத்துத் திருப்பணும் என்று இரண்டு முறை சொன்னார்.

சில நாள் கழித்து அசல் பத்திரம் கைக்கு வந்தது. என் பெயர் போட்ட பத்திரம். பதிவு அலுவலகத்திலிருந்து வங்கிக்குப் போகிற வழியெல்லாம் மடியில் வைத்திருந்தேன், சரியாக அரை மணி நேரம். அங்கே கொடுத்ததும் எண்ணிப் பார்த்து, உறையில் போட்டு, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இனி கடன் தீரும்போதுதான் பார்க்கலாம். பத்திரம் பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் உறை போடும்போதுதான் பார்த்தேன், என் இனிஷியல் தப்பாக அடித்திருக்கிறது. மறுநாள் காலை முதல் வேலையாகப் போன் போட்டேன். திருத்தித் தருகிறார்களாம், ஒரே வாரம்.